வேனுக்குள் மெத்தை போடும் முன்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

என் வேனுக்குள் நான் முதலில் போட்டது தேக்குப் பலகை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் அலைந்தேன். இடித்த வீட்டு உத்திரத்தில் அறுத்த பர்மாத் தேக்கு கிடைத்தது. ஆசாரி ஒருவரை வைத்துத் தரை முழுக்க அடித்தேன். அது ஆடி மாதம், பார்க்க ஜம்மென்று இருந்தது. ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் கதவைத் திறந்தால் நெல் அவித்த வாடை. பலகையைப் பெயர்த்துப் பார்த்தபோது இரண்டு இடத்தில் தகரமே இல்லை, கொட்டகைத் தரை தெரிந்தது. வண்டியை விற்றவர் அந்த ஓட்டைகளில் பட்டி வைத்து, மேலே தார் பூசி, அதன்மேல் ரப்பர் மேட் விரித்திருந்தார். வாங்கும்போது நான் மேட்டைத் தூக்கவே இல்லை. எஞ்சின் சத்தத்தைத்தான் அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. அதுதான் வேடிக்கை.

அன்றிலிருந்து யாராவது பழைய வேனைக் காட்டி, “இதை வீடு மாதிரி ஆக்கலாமாண்ணே?” என்று கேட்டால், ஒவ்வொரு பழுதையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: பலகை அடித்த பிறகு இது கைக்கு எட்டுமா? எஞ்சினின் தலைப்பகுதி ஒழுகாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போனால் செலவு பெரியது, ஆனால் எப்போதும் எட்டும். கூரை விளிம்பில் ஊசிமுனை அளவு ஒழுகல் இருந்தால் செலவு சிறியது. பலகையும் வெப்பம் தடுக்கும் பஞ்சும் மெத்தையும் ஏறிய பிறகு அது எட்டாது. ஓட்டுவதற்கு மட்டும் வாங்கும் வேனையும் உள்ளே படுக்க வாங்கும் வேனையும் ஒரே மாதிரிப் பார்க்கக்கூடாது என்பது இதனால்தான்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்குப் போகலாம். துரு, ஒழுகல், காகிதம் இந்த மூன்றை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். கையில் மின்சாரம் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம், கீழே படுக்க ஒரு சாக்கு இருந்தால் போதும்.

முதலில்: வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது?

இது அறிகுறி இல்லை. ஆனால் எந்த அறிகுறியைத் தேட வேண்டும் என்பதை இதுதான் சொல்லும்.

பிள்ளையார்பட்டி, ராமேஸ்வரம் என்று சுற்றுலா ஓட்டிய டிராவலர் மாதிரிப் பெரிய வேன் நிறையக் கிலோமீட்டர் ஓடியிருக்கும். அதற்குப் பயப்படாதீர்கள். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் எஞ்சினுக்கு லேசானது. கூரையில் கேரியர் போட்ட துளை, ஏசி போட்ட துளை, பாட்டுக்கும் கலர் லைட்டுக்கும் இழுத்த வயர் ஆகியவைதான் அதில் வம்பு. பள்ளிக்கூட வேன் குறைவாக ஓடியிருந்தாலும் நூறு இடத்தில் நின்று நின்று கிளம்பியது. கிளட்ச், பிரேக், படிக்கட்டுத் தகரம் மூன்றும் தேய்ந்திருக்கும். ஆம்புலன்ஸாக இருந்தது என்றால் மீட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நின்ற இடத்திலேயே எஞ்சின் மணிக்கணக்கில் ஓடியிருக்கும். தரையைத் தண்ணீரும் பிளீச்சிங்கும் ஊற்றிக் கழுவியிருப்பார்கள், அது மடிப்புகளில் இறங்கியிருக்கும்.

நம் பக்கத்தில் இன்னொரு வகையும் உண்டு. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்தின் பின்னால் சாமான் ஏற்றி ஊர்ந்து போன வேன். மனிதன் நடக்கிற வேகத்தில் நாள்கணக்கில் முதல் கியர். முருகன் புண்ணியம் வண்டிக்கு உண்டோ இல்லையோ, கிளட்ச் பிளேட்டுக்கு இல்லை.

காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது

முதலில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். போனதும் எஞ்சின் மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால் காப்பி குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள், அல்லது மறுநாள் விடியற்காலை வருகிறேன் என்று சொல்லுங்கள்.

டக் டக் என்று சத்தம் மட்டும் வந்து செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரி, பேட்டரி முனை, எர்த் வயர் என்ற வரிசையில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரி.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லையா? டீசல் ஃபில்டர் மேலுள்ள கை பம்பை நாலைந்து தடவை அழுத்துங்கள். அது இறுகிய பிறகு உடனே பிடித்தால் லைனில் எங்கோ காற்று இழுக்கிறது. ஃபில்டர் வாஷரோ ஹோஸோ மாற்றினால் தீரும், சில்லறை வேலை.

அடுத்தது ஹீட்டர் பிளக், குளிரில் டீசல் எஞ்சின் பிடிக்கச் சூடேற்றித் தருவது. செட்டிநாட்டில் பிறந்து வளர்ந்த வேனில் இது செத்துக் கிடந்தாலும் தெரியாது. நம் ஊரில் மார்கழி விடியற்காலையும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஹீட்டர் இல்லாமலே எஞ்சின் பிடித்துவிடும். கேம்பர், அதாவது உள்ளே படுத்துப் பயணம் போகும் வேன், கட்டுகிறவர் முதலில் எங்கே போவார்? கொடைக்கானல். அங்கே மார்கழிக் குளிரில், குடும்பமே போர்வைக்குள் இருக்கும்போது, வண்டி செல்ஃப் சுற்றிச் சுற்றிப் பேட்டரியைத் தின்னும். ஒவ்வொரு பிளக்கிலும் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டினால் உயிர் இருக்கிறது, அளவே காட்டாவிட்டால் போய்விட்டது. மாற்றுவது பெரிய காரியமில்லை. தெரிந்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

புகை

கறுப்புப் புகை வந்தால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். நம் செம்மண் ரோட்டில் ஓடிய வண்டியென்றால் தரையில் குங்குமம் கொட்டினாற்போல விழும். புது ஃபில்டர் போட்டும் புகைந்தால் எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போவின் ஹோஸில் கிழிசல், இல்லையேல் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. மலையிறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் வந்தால் வால்வ் சீல், அதோடு கொஞ்ச நாள் ஓட்டலாம். எப்போதும் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயில் தளர்வாக வையுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. மூடி துள்ளிக் குதித்து, ஆவி புசுபுசு என்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது.

வெள்ளைப் புகை காலையில் சிறிது வந்து நின்றுவிட்டால் கண்டுகொள்ள வேண்டாம். எஞ்சின் சூடான பிறகும் வந்து, இனிப்பு வாடையும் அடித்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டியில் கறுப்புப் புகை இல்லை என்பதை மட்டும் வைத்து எஞ்சின் சரி என்று சொல்ல முடியாது. புகைக்கரியை ஒரு வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சூடாக ஓடும்போது அதை எரித்துச் சுத்தம் செய்யும். ஊருக்குள்ளேயே ஓட்டினாலும், இரவெல்லாம் ஏசிக்காக எஞ்சினை நின்ற இடத்தில் ஓட விட்டாலும் அது அடைத்துக்கொள்ளும். “எஞ்சின் ஏசியைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம்” என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பழைய வண்டியிலும்தான். மூடிய இடத்தில் புகைக்காற்று உள்ளே வந்தால் தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார்.

சூட்டு முள் ஏறுகிறது

காரைக்குடியைச் சுற்றி மலை இல்லை. இதுதான் நமக்குள்ள சிக்கல். சமதளத்தில் பத்து வருடம் ஓடிய வேன் சூடாவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், விற்கிறவர் உட்பட. அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

அதனால் மலை ஏற்றிப் பார்த்தே ஆக வேண்டும். எனக்குப் பிடித்தது சிறுமலை. சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் பக்கம் போனால் 18 கொண்டை ஊசி வளைவு. வெயில் நேரத்தில், ஏசி இருந்தால் அதையும் போட்டு, நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். முள் பாதியைத் தாண்டாமல் மேலே போய்விட்டால் அந்த வேன் உங்களை எங்கும் அழைத்துப் போகும்.

ஏறினால்? விலை குறைந்ததிலிருந்து பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். உள்ளே பச்சையோ சிவப்போ நிறத்தில் கூலன்ட் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பாதி வண்டிகளில் போர் தண்ணீர்தான் இருக்கும். அண்டாவின் அடியில் படியும் அதே உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி ஊற்றினால் பல வண்டிகள் இத்தோடு அடங்கிவிடும். அடுத்து வெளிப்பக்கம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் செம்மண்ணும் பூச்சியும் சேர்ந்து அடை தட்டியிருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே பார்த்துத் தண்ணீர் அடிக்க வேண்டும், முன்னாலிருந்து அடித்தால் அடைப்பு இன்னும் உள்ளே போகும். அப்புறம் ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப்.

இவையெல்லாம் சரி, இன்னும் சூடாகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சோடா பாட்டில்போல் விடாமல் குமிழி வந்தால் அதுதான். ஆயில் மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் கூழ் ஒட்டியிருந்தாலும் அதுதான்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வண்டியை வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். காரைக்குடியிலேயே நல்ல டீசல் பட்டறைகள் உண்டு. சாமான் கிடைக்காவிட்டால் திருச்சியோ மதுரையோ, இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். ஹெட் வேலை செய்த எஞ்சின் என்றால் பாதி நிம்மதி. செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழித்துக்கொள்ளுங்கள். தகரம் நன்றாக இருந்து எஞ்சின் மோசமான வேனை, எஞ்சின் நன்றாக இருந்து தகரம் மோசமான வேனைவிட எப்போதும் மேலென்று சொல்வேன். என் பட்டறை அண்ணன் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் அவருடைய தொழில் எஞ்சின்.

தரை மிதித்தால் அமுங்குகிறது, அல்லது பெயிண்ட் கொப்புளிக்கிறது

இங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள்.

சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். மேட்டைத் தூக்குங்கள். விற்கிறவர் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பிறகு கீழே படுத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் ‘டங்’ என்று சொல்லும், அரித்தது ‘தொப்’ என்று சொல்லும். பக்கச் சுவரில் காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. சக்கர வளைவு, படிக்கட்டு, பின்கதவின் அடி விளிம்பு, கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஆகிய நான்கிலும்தான் முதலில் போகும்.

பதிவெண்ணையும் பாருங்கள். டிஎன் 63, டிஎன் 55 என்றால் நம் வறண்ட காற்றில் வளர்ந்த வண்டியாக இருக்கலாம். டிஎன் 65, டிஎன் 51 என்றால் ராமநாதபுரம், நாகப்பட்டினம், உப்புக்காற்று. மீன் பெட்டி ஏற்றிய வேன் என்றால் உள்ளேயும் உப்பு. பதிவெண்ணை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம், ஆனால் சாக்கை விரித்து இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருங்கள்.

துருவில் மூன்று தரம் உண்டு. கம்பி பிரஷ் போட்டால் பளபளவென்று இரும்பு தெரிகிறதா? அது மேல்துரு. துரு மாற்றியும் பிரைமரும் அடித்து விடலாம். செதில் செதிலாக உதிர்ந்து ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகிறதா? அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங். இதைப் பலகை ஏறும் முன்பே முடிக்க வேண்டும். பஞ்சும் மரமும் ஏறிய பிறகு டிங்கரிங்காரர் தீக்குப் பயந்து கை வைக்க மாட்டார், வைத்தால் நீங்கள்தான் பயப்பட வேண்டும். மூன்றாவது, தாங்கும் இடத்துத் துரு: ஸ்பிரிங் பட்டை மாட்டும் கொக்கி, தரைக்கு அடியில் ஓடும் நீளச் சட்டம், ஸ்டீயரிங் பெட்டி பிடித்திருக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட். இதில் ஒன்று அரித்திருந்தாலும் வண்டியை விடுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும்.

நம் ஊரிலேயே துருவுக்கு ஒரு கோட்டை இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் சிக்ரி என்று சொல்வது. உலோக அரிமானமும் பேட்டரியும் அங்கே பெரிய ஆய்வுத் துறைகள். கேம்பர் கட்டுகிறவனின் இரண்டு கவலையும் ஒரே காம்பவுண்டுக்குள். அந்த ஊர்க்காரனான நான்தான் வேன் தகரத்தில் பித்தளைக் கீலை நேரடியாகத் திருகினேன், செட்டிநாட்டு அழகு வேண்டுமென்று. பித்தளையும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரும்புதான் முதலில் அரிக்கும். ஒரே மழைக்காலத்தில் கீலைச் சுற்றி மருதாணி வைத்ததுபோல் சிவந்துவிட்டது. பித்தளை வேண்டுமென்றால் மரத்தில் மட்டும் திருகுங்கள். தகரத்தில் படும் இடத்தில் ரப்பர் வாஷர் போடுங்கள்.

மழைக்குப் பிறகு உள்ளே வாடை அடிக்கிறது

தரை நன்றாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார, இன்னொருவர் ஹோஸ் பிடித்து வெளியே நிற்க வேண்டும். கூரையிலிருந்து தொடங்காதீர்கள். மேலே ஊற்றினால் எல்லா இடத்திலும் வழிந்து எந்த ஓட்டை என்று தெரியாது. கதவடியில் தொடங்கி, ஜன்னல் ரப்பர், பிறகு கூரை வாய்க்கால், கடைசியாகக் கூரைத் துளைகள் என்று மேலே ஏறுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். தண்ணீர் தெரியும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு என்பதை மறக்க வேண்டாம். முன் கண்ணாடி மூலையில் நுழைந்தது பின்சீட்டின் அடியில் தேங்கும்.

கேரியர் போல்ட், ஏசி சட்டம், பழைய விளக்குத் துளை இவைதான் வழக்கமான குற்றவாளிகள். சிலிக்கானை மேலே அப்பி மூடுவது வேண்டாம். போல்ட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, வண்டி பாடிக்கென்று விற்கும் சீலன்ட் வைத்து மறுபடி முடுக்குங்கள். வேண்டாத துளைக்குத் தகரம் வைத்து வெல்டிங்.

நம் வீடுகளைக் கட்டியவர்கள் மழைத் தண்ணீர் எந்த வழியாக முற்றத்துக்கு இறங்கும், முற்றத்திலிருந்து எங்கே போகும் என்று தீர்மானித்துவிட்டுத்தான் சுவரையே எழுப்பியிருப்பார்கள்போல. வேனிலும் கதவுகளின் அடியிலும் ஜன்னல் சட்டத்திலும் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருப்பார்கள். அதைத் தூசி என்று நினைத்து அடைத்துவிடுகிற புண்ணியவான்கள் உண்டு. ஒரு கம்பி விட்டுக் குத்தித் திறந்து விடுங்கள்.

முடிந்தால் ஒரு ஐப்பசி, கார்த்திகையைக் காலி வண்டியாகவே கடத்துங்கள். அவசரப்படுகிறவர்களுக்கு இது பிடிக்காது, எனக்கும் பிடித்திருக்காது.

ஆயில் சொட்டுகிறது

இரவில் அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில், சிவப்பு என்றால் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங், சக்கரத்தின் உள்பக்கத்தில் தெளிந்த நிறம் என்றால் பிரேக் ஆயில். நாலு சொட்டு கறுப்புக்குத் தூக்கம் கெட வேண்டாம். பிரேக் ஆயில் என்றால் வண்டியை அந்த இடத்தைவிட்டு எடுக்க வேண்டாம்.

நாலு நாள் நின்றால் பேட்டரி இறங்குகிறது

சுற்றுலா வேனில் இது சகஜம். ஒவ்வொரு உரிமையாளரும் ஒரு ஸ்பீக்கர், ஒரு விளக்கு, ஒரு கேமரா என்று வயர் இழுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு நெகடிவ் வயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் மாட்டுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் என்றால் சரி. அரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போகிறது. 70 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் பாதிக்கு வந்துவிடும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த லைன்.

திருடுகிற வயரைக் கண்டுபிடித்தால் போதாது. யார் போட்டது என்று தெரியாத வயர் எல்லாவற்றையும் உருவி எடுங்கள். பலகைக்குப் பின்னால் டேப் சுற்றிய ஜாயின்ட்டை வைத்துவிட்டு அதன்மேல் படுத்துத் தூங்குவது சரியில்லை. வீட்டு விளக்கு, ஃபேனுக்குத் தனி பேட்டரி வையுங்கள். எஞ்சின் பேட்டரியில் அதை மாட்டவே கூடாது.

பின்பக்கம் தணிந்து நிற்கிறது, கிளட்ச் நழுவுகிறது

மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 40 வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் மட்டும் கத்தி வண்டி நகராவிட்டால் கிளட்ச் பிளேட் தீர்ந்தது. பின்பக்கம் தணிந்திருந்தால் பட்டை களைத்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. இரண்டும் சரிசெய்யக் கூடியவை. ஆனால் காலி வண்டியே இப்படி நின்றால் உங்கள் வீட்டை ஏற்றினால் எப்படி நிற்கும்?

ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், மொத்த எடை, காலி எடை என்று இரண்டு எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று சுமார் 35 கிலோ. ஆறு ஷீட் 210. தண்ணீர் 100 லிட்டர் 100 கிலோ. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி 50-க்கு மேல். தேக்கு கன அடிக்கு 18 கிலோ அளவில் வரும், 50 சதுர அடித் தரைக்கு ஓரங்குலப் பலகை போட்டால் 75 கிலோ. நாலு பேரும் பெட்டிகளும் 300. கூட்டினால் 735. ஓம்னி, ஈக்கோ மாதிரிச் சின்ன வேனில் இந்தக் கணக்கு நடக்காது. டிராவலர், விங்கர் மாதிரிப் பெரிய வேன் என்றாலும் ஆர்சியை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆசாரிக்கு முன்பணம்.

என் மச்சான் ஒருவர் வேன் தரைக்கு ஆத்தங்குடிக் கல், நம் பக்கத்துப் பூப்போட்ட தரைக்கல், பதிக்கலாம் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், இல்லை. அந்தக் கல் சதுர அடி 4 கிலோ வரும், 50 சதுர அடிக்கு 200 கிலோ. அதோடு அது சிமென்ட், குலுங்குகிற தரையில் ஒரு மாதத்தில் விரிசல் விடும். அதே பூப்போட்ட வினைல் விரிப்பு கிடைக்கிறது. ஆச்சிகூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை, காலை வைக்கும்வரை.

வேலை தொடங்கும் முன், டீசல் நிரப்பிய காலி வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும், மொத்தம் என்று மூன்று சீட்டு. முடித்த பிறகு மறுபடி மூன்று. விங்கரில் முன்சக்கரம்தான் இழுக்கும். பின்னால் எல்லா எடையையும் வைத்துவிட்டால் ஈர மணலில் முன்சக்கரம் சும்மா சுற்றும். டிராவலரில் பின்சக்கரம் இழுக்கும், இந்த விஷயத்தில் அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

காகிதத்தில் ஏதோ இடிக்கிறது

எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் பதிவு, எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் உண்டா என்பது ஆகியவை தெரியும். ஹெச்பி, அதாவது வண்டியின்மேல் ஃபைனான்ஸ் கடன், இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் தடையில்லாச் சான்றும் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்க வேண்டாம். சேஸிஸ் எண்ணின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் புது வெல்டிங் தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மஞ்சள் போர்டு வண்டி எட்டு வயதைத் தாண்டினால் எஃப்சி வருடத்துக்கு ஒருமுறை. சொந்த வண்டி என்றால் 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 14 வயது வேனை வாங்கி ஒரு வருடம் வேலை செய்தால், ஆணியடித்த கை ஆறுவதற்குள் புதுப்பிப்பு வந்து நிற்கும்.

பெரிய விஷயம் இது: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்சி விவரம் மாறுபடும் அளவுக்கு உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. மோட்டார் காரவனுக்கென்று, அதாவது உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டிக்கென்று, ஏஐஎஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. அதனால் சீட்டைப் பிடுங்கிக் கட்டிலைப் பிணைப்பதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய், உங்கள் மாடலுக்கு என்ன வழி என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ‘யாரும் பிடிப்பதில்லை’ என்று சொல்கிறவர் விபத்து நடந்த அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார், இன்சூரன்ஸ்காரர் நிற்பார், கையில் பைலோடு.

ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மனசு ஒப்பவில்லை

அப்படியானால் அந்த வேனைக் காலியாகவே 2000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தண்ணீர்க் கேன் போதும். சிறுமலை ஒருமுறை, தொண்டிக் கடற்கரை ஒருமுறை, பகல் வெயிலில் மதுரை நெரிசல் ஒருமுறை, மழையில் ஒரு இரவு. ஒரு நோட்டில் டீசல், ஆயில், கூலன்ட் அளவையும் புதுச் சத்தத்தையும் தேதியோடு எழுதுங்கள். 2000 கிலோமீட்டரில் ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தாலோ, கூலன்ட் காரணமில்லாமல் இறங்கினாலோ, அது இப்போதே பட்டறைக்குப் போக வேண்டியது. பாயில் படுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: உங்களுக்கு உண்மையிலேயே வேனில் தூங்கப் பிடிக்கிறதா என்பது.

என் வேனில் அந்த இரண்டு ஓட்டையையும் வெட்டித் தகரம் வைத்தாயிற்று. அதே தேக்குதான் மறுபடி போட்டேன், ஆனால் நாலு துண்டாக, ஒவ்வொன்றும் ஆறு போல்ட்டில், கட்டில் கால் எதுவும் இரண்டு துண்டின்மேல் நிற்காதபடி. ஒரு துண்டைத் தூக்கப் பத்து நிமிடம் ஆகிறது. போன கார்த்திகை மழை முடிந்ததும் நாலையும் தூக்கினேன். காய்ந்துதான் இருந்தது. இடது சக்கர வளைவுப் பக்கம் மட்டும் எறும்பு கூடு வைத்திருந்தது. எந்த வழியாக வந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.